அடுப்புக்குத் தப்பியவை

புத்தகத்தை அப்படியே அடுப்பில் செருகினால் எரியாது. ஒவ்வொரு தாளாகக் கிழித்து, கசக்கித்தான் போட வேண்டும். 1941–42 குளிர்காலத்தில் சோவியத் நகரமான லெனின்கிராடின் மக்கள் கற்றுக்கொண்ட பாடம் இது.

செப்டம்பர் 8, 1941 அன்று ஜெர்மன் படைகள் நகரத்தின் தரைவழிகளை அடைத்தன. 872 நாள் நீடித்தது முற்றுகை. நவம்பர் பிற்பகுதியில் பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான். அதிலும் பாதி மாவே இல்லை. மின்சாரம் நின்றது, குழாய்கள் உறைந்தன. மேசையும் நாற்காலியும் எரிந்து முடிந்தபின் புத்தகங்களின் முறை வந்தது.

பழைய ரஷ்ய இலக்கிய ஆய்வாளர் திமித்ரி லிகச்சோவும் எரித்தார். ஜார் காலத்து நாடாளுமன்றமான டூமாவின் கூட்ட அறிக்கைகள் அவர் வீட்டு அடுப்புக்குப் போயின. கடைசிக் கூட்டங்களின் அச்சுப்படிகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டார்; அவை கிடைப்பதற்கரியவை. குழந்தைகள் குளிரில் நடுங்கும் வீட்டில், போனால் திரும்பாதது எது என்று அந்தக் கை பிரித்துப் பார்த்திருக்கிறது. இந்த ஒரு செய்தியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

நகரத்தின் பொது நூலகம் முற்றுகை முழுவதும் மூடப்படவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் சொந்த நூல் சேகரிப்பு, அரிய சுவடிகள் உள்ளிட்டவை கோடையிலேயே வோல்கா பக்கம் மெலெகெஸ் ஊருக்குப் போய்விட்டன. மிச்சத்தைக் காத்தபடி, பெரிய கூடங்கள் உறைந்ததும் ஒரு சிறிய அறைக்குள் ஒடுங்கிக்கொண்டு வாசகர்களை வரவேற்றார்கள் நூலக ஊழியர்கள். வந்த கேள்விகளைப் பாருங்கள்: தீக்குச்சி செய்வது எப்படி? எந்தக் காட்டுக்கீரையைத் தின்னலாம்? பைன் இலையிலிருந்து வைட்டமின் சி எடுக்க முடியுமா? கும்மிருட்டு அடுக்குகளுக்குள் கைவிளக்கோடு போய்ப் பதில் தேடிக் கொடுத்தார்கள். அந்த ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் முற்றுகையில் மாண்டார்கள். பிழைத்தவர்கள், ஆளில்லாமல் போன வீடுகளின் புத்தகங்களைப் பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றி நூலகத்துக்கு இழுத்து வந்தார்கள். அடுப்புக்குப் போகவிருந்தவை அப்படித்தான் பிழைத்தன.

எரிப்பதற்குக்கூடத் தாள் தேடிய அந்த ஊரில் அச்சகங்களும் ஓயவில்லை. 1942 மார்ச் முதல் தேதி லிகச்சோவின் தந்தை பட்டினியில் இறந்தார். அதே வசந்தத்தில், பழைய ரஷ்ய நகரங்கள் முற்றுகைகளை எதிர்த்து நின்ற வரலாற்றை ஒரு சிறு நூலாக எழுதித் தரும்படி லிகச்சோவிடம் கேட்டார்கள். திகானவா என்ற பெண் ஆய்வாளரோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தார். ஜூன் மாதம் குடும்பத்தோடு கசானுக்குப் போனார். ‘பழைய ரஷ்ய நகரங்களின் பாதுகாப்பு’ அந்த ஆண்டே லெனின்கிராடில் அச்சாகி, நகரைக் காத்து நின்ற படைவீரர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

(தொடரும்)