பழைய கதவைப் பேணுவதா, புதியது பூட்டுவதா?

கொழும்பு வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், அடுக்குமாடிகளுக்கிடையே அகப்பட்டு நிற்கும் பழைய வீடுகள் சில இன்றும் உள. அவற்றின் ஒரு பக்கத்தே மோட்டார் வண்டிக்கென அமைத்த சிறு கொட்டகை ஒன்று காணப்படும். அதன் வாயிலிலே முதிரையாலோ பலாவாலோ செய்த இரட்டைக் கதவு தொங்கும். செய்த காலத்தில் ஒரு விரலால் தள்ளத் திறந்த அக்கதவு, இப்பொழுது ஒரு புறம் சரிந்து நிலத்தைக் கீறுகின்றது. அடிச்சட்டம் மழைநீரில் இற்றுவிட்டது. பிணைச்சல்களைக் கடற்காற்று தின்றுவிட்டது. தச்சரை அழைத்துச் செப்பனிடுவதா, கழற்றி எறிந்துவிட்டு இரும்புச் சுருட்கதவு ஒன்றைப் பூட்டுவதா என்பது வீட்டுக்காரர் முன் நிற்கும் வினா.

வினா சிறிதுதான். ஆயினும் கொழும்பு மாநகரம் இவ்வினாவைத் தன் கோட்டை வாயில் முதலாகக் கோயில் வாயில் ஈறாகப் பலமுறை எதிர்ப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு முறையும் அது கண்ட விடையும் வேறாக இருந்திருக்கின்றது.

இந்நகரின் வாயில்களுக்கு அந்நியரோடு நெடுங்கால உறவுண்டு. 1505இல் போர்த்துக்கேயர் வந்தனர். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். 1796இல் அது ஆங்கிலேயர் கையிற் சேர்ந்தது. நாம் சொல்லும் யன்னல் என்ற சொல்லும் சாவி என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கதவும் நிலையும் பூட்டும் நம்முடைய சொற்களாகவே நின்றுவிட்டன. சாவியை இன்றும் திறப்பு என்றே வழங்கும் யாழ்ப்பாணத்தார் இவ்வகையிற் சற்றுப் பிடிவாதமுடையவர் என்றே சொல்லவேண்டும்.

ஒல்லாந்தர் கட்டிய கோட்டை வாயில்களை ஆங்கிலேயர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணி வந்தனர். பின்னர், தேசாதிபதி ஹேர்க்குலிஸ் றொபின்சன் காலத்திலே, 1869ஆம் ஆண்டு தொடங்கி 1871ஆம் ஆண்டளவில் மதில்களையும் வாயில்களையும் இடித்துத் தள்ளினர். அவை பழுதடைந்தமையால் இடிக்கப்பட்டன என்று கொள்ளுதல் பொருந்தாது. நெடுந்தூரம் சுடும் பீரங்கிகள் வந்தபின் மதிலுக்கு வேலையில்லாது போயிற்று. பெருகிய வணிகத்துக்கோ மதில் இடையூறாயிற்று. நல்ல நிலையிலுள்ள கதவையும் தேவை மாறும்போது கழற்றுவர் என்பதற்கு இது சான்று. அவ்வாயில்களுள் ஒன்றாகிய டெல்ஃப்ற் வாயிலின் எச்சம், பிரிஸ்டல் வீதியிலே ஒரு வங்கிக் கட்டடத்தின் எல்லைக்குள் இன்றும் பேணப்படுகின்றது. புறக்கோட்டையிலே கெய்மன் வாயில் என்ற இடத்தில் மணிக்கூண்டு நிற்கின்றது, பெயர் நிற்கின்றது. வாயில் மட்டும் இல்லை.

இனி, கொட்டாஞ்சேனைப் பக்கம் செல்வோம். அங்கே ஒருவர்க்கொருவர் அயலாக நிற்கும் இரண்டு கட்டடங்கள் நம் வினாவுக்கு எதிரெதிரான இரண்டு விடைகளைத் தருகின்றன.

ஒன்று, மேட்டின்மேல் நிற்கும் வொல்வெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த கட்டடம் அது. செம்பூராங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் எழுப்பிய அதன் சுவர்கள் ஏறக்குறைய ஐந்தடிக் கனமுடையன. 1856இல் இடி விழுந்து கூரைக்குக் கடுஞ்சேதம் விளைந்தது. அப்பொழுது ஒல்லாந்தர் ஆட்சி மறைந்து அறுபது ஆண்டு சென்றிருந்தது. இடித்துவிட்டுப் புதியது கட்டுவோம் என்று எவரேனும் சொல்லியிருந்தாலும் வியப்பில்லை. கட்டடத்துக்குரிய சபையாரோ சேதமுற்ற பகுதியை மட்டும் வேறு வகையிற் செப்பனிட்டுக்கொண்டு, எஞ்சியதை அவ்வாறே வைத்துக்கொண்டனர். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தரின் மற்றொரு தேவாலயம் பேணுவாரின்றிச் சிதைந்து போக, அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்த தேசாதிபதிகளின் எச்சங்கள் 1813இல் இவ்விடத்துக்கே கொண்டுவரப்பட்டன. ஒரே இனத்தார் கட்டிய இரண்டு கோயில்களுள், மக்கள் புழங்கிய கோயில் இடி விழுந்தும் பிழைத்தது. புழக்கம் அற்ற கோயில் இடியின்றியே அழிந்தது. கதவுகளின் செய்தியும் இதுவே. நாள்தோறும் திறந்து மூடும் கதவைவிடப் பூட்டிக் கிடக்கும் கதவே விரைந்து கெடுகின்றது என்பதைத் தச்சர் எவரும் சொல்வர்.

மற்றொன்று, கொச்சிக்கடையிலுள்ள ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம். தேவாலயத்தில் இடி விழுந்ததாகச் சொன்ன அதே காலத்தை ஒட்டி, பொன்னம்பல முதலியார் இங்கே செங்கல்லால் ஒரு சிவாலயம் எழுப்பினார். அரை நூற்றாண்டு கழிந்தபோது அது அவர் புதல்வர் பொன்னம்பலம் இராமநாதன் பொறுப்பில் இருந்தது. இராமநாதன் 1906இல் சொலிசிற்றர் ஜெனரல் பதவியினின்றும் ஓய்வு பெற்றவர். கையிற் பொருளும் மனத்தில் உறுதியும் உடையவர். செங்கற் கோயிலைப் பூசி மெழுகி இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓட்டியிருக்கலாம். செலவும் பன்மடங்கு குறைந்திருக்கும். அவரோ தந்தையார் கட்டிய கோயிலை முழுவதுமாக மாற்றி, கருங்கல்லிலே விசயநகரப் பாணியிற் கட்டத் துணிந்தார். 1907இல் தொடங்கிய பணி 1912இல் நிறைவெய்தியது. இடையிலே, 1911ஆம் ஆண்டிறுதியில், படித்த இலங்கையருக்கென ஒதுக்கிய சட்டநிரூபண சபை ஆசனத்துக்குப் போட்டியிட்டு வென்றும் வந்தார். அவ்வாறு எழுந்த கோயில் இன்றும் நிற்கின்றது. அதன் கற்றூண்களின் நடுவே நிற்பவருக்கு வெளியே துறைமுகத்து வாகனங்களின் இரைச்சல் எட்டாத்தொலைவிற் போய்விடுகின்றது.

தந்தையார் கட்டியதை மகன் அகற்றலாமா என்று கேட்போர் அக்காலத்தும் இருந்திருத்தல் கூடும். இதற்கு நம் முன்னோர் நூல்களில் நெறி உண்டு. சீரணோத்தாரணம் என்பது பழுதுற்றதை மீட்டெடுக்கும் கிரியை. மயமதம் என்னும் சிற்ப நூல் இதற்கெனத் தனி அதிகாரமே வகுத்திருக்கின்றது. ஒரு கட்டடத்தின் உறுப்பிலக்கணம் இன்னும் கண்ணுக்குப் புலனாகுமாயின், அதனை அதற்குரிய பொருளைக் கொண்டே சீர்செய்தல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. பொருளை மாற்றும் இடத்து, மேலானதற்கு மாறலாம், தாழ்ந்ததற்கு இறங்கலாகாது என்பது கோயிற்பணியாளர் மரபு. செங்கல்லினின்று கருங்கல்லுக்கு ஏறிய இராமநாதன் இம்மரபை மீறினார் அல்லர். வைரமேறிய முதிரைக் கதவைக் கழற்றிவிட்டு, நான்காண்டிலே துருவேறும் மெல்லிய தகட்டை மாட்டுகின்றவர்தாம் மீறுகின்றார்.

இவ்விடத்தில், செட்டியார் தெருவில் முன்பு வழங்கிய பலகைக் கதவையும் நினைத்தல் தகும். கடையின் வாயிலுக்கு மேலும் கீழும் தவாளிப்பு ஒன்று இருக்கும். நெட்டுப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அதில் நுழைத்து, இறுதிப் பலகைக்குக் குறுக்குச் சட்டமும் பூட்டும் இடுவர். வரிசை மாறாதிருக்க ஒவ்வொரு பலகையிலும் எண் பொறித்திருக்கும். ஏழாம் பலகை உளுத்தால் ஏழாம் பலகையை மட்டும் மாற்றுவர். கதவு எப்பொழுது புதிதாயிற்று என்று கேட்டால் கடைக்காரருக்கே விடை தெரியாது. செப்பனிடுதலைக் கதவின் அமைப்பிலேயே வைத்துச் செய்த அந்தத் தச்சர், நம் காலத்துப் பொறியியலாளர் பலரினும் மதியுடையவர்.

மோட்டார் வண்டி வந்தபின் வாயிலின் அளவும் தன்மையும் மாறின. குதிரை வண்டியும் திருக்கலும் நின்ற கொட்டில்களே முதலில் மோட்டார்க் கொட்டகைகளாயின. அவற்றின் இரட்டைக் கதவுகளும் உடன் வந்தன. அமெரிக்காவிலே சி. ஜி. ஜோன்சன் என்பவர் 1921இல் மேலே தூக்கித் திறக்கும் கதவையும், 1926இல் அதனை மின்சாரத்தால் இயக்கும் கருவியையும் அமைத்தார். அத்தகைய கதவுகள் கொழும்பில் நெடுங்காலம் பரவவில்லை. அதற்கு ஏழ்மை மட்டும் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் குறைக்கப்பட்டன. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மிகக் கடுமையாயிற்று. அக்காலத்திலே கொழும்பு எதனையும் எறியவில்லை. மொறிஸ் மைனர் வண்டிகளைப் பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகங்களைக் கொண்டு ஓட்டினர். அவற்றை நிறுத்திய கொட்டகைகளின் கதவுகளை மொரட்டுவைத் தச்சரின் கைத்திறத்தால் நிறுத்தினர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் உருக்குத் தகடும் சுருட்கதவும் தாராளமாக வந்தன. மரக் கதவு வைத்திருத்தல் பழமைக்குணம் என்று எண்ணும் காலமும் கூடவே வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியைக் கடந்து 2025இலேதான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் மறந்திருந்த தச்சரையும் கொல்லரையும் ஊரார் மறுபடி தேடிச் சென்றனர்.

சுருட்கதவின் நன்மையை மறுத்தல் நேர்மையன்று. இடத்தை அடைக்காது, ஒழுங்கையின் குறுக்கே விரியாது, களவுக்கு அஞ்சுவார்க்கு ஆறுதல் தரும். ஆனால் அதன் உயிர் மேலே சுருண்டிருக்கும் வில்லில் இருக்கின்றது. கதவின் பாரத்தை ஏந்துவது அவ்வில்லே. இத்தகைய வில்லுக்கு ஏறத்தாழ 10,000 முறை திறந்து மூடும் ஆயுளைக் கணக்கிடுவர். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 730. பதின்மூன்று ஆண்டு கடந்து சில மாதம் தாங்கும். வெள்ளவத்தைக் கடலோரத்தில் உப்புக்காற்று அக்கணக்கை நன்றாகவே குறைத்துவிடும். முறுக்கேறிய வில்லைப் பழக்கமில்லாதவர் தொடுதல் பேராபத்து என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் வேண்டும். மரக்கதவின் நோய்களோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவன. அது சரிவது, குறுக்குக்கை தளர்வதால். அக்கை கீழ்ப் பிணைச்சலிலிருந்து எதிர்ப்பக்கத்து மேல்மூலைக்கு ஏறவேண்டும். தலைகீழாக அடித்துவிட்டுக் கதவைக் குறை சொல்வோர் உண்டு. இற்ற அடிச்சட்டத்தை அறுத்துவிட்டு, பாலையிலோ முதிரையிலோ புதுத்துண்டு பொருத்தலாம். பிணைச்சலைப் பித்தளையில் மாற்றலாம். நிலையே உளுத்துச் சுவரைவிட்டு விலகியிருந்தால்தான் மாற்றுவதைப் பற்றி எண்ணவேண்டும். அப்பொழுதும் மாற்ற வேண்டியது நிலையை, கதவை அன்று.

இவ்வளவும் மரமும் இரும்பும் பற்றிய செய்தி. வெள்ளவத்தை இவ்வினாவை வேறொரு விதமாகவும் கேட்க நேர்ந்தது. 1983 யூலை 25ஆம் நாள், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நகரின் பிற பகுதிகளிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் உடைக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. உயிர்கள் பல போயின. அகதி முகாம்களிலிருந்து திரும்பியவர்கள், கரிந்த நிலையின் முன்னே நின்று கதவைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவராயினர். அந்நிலைக்குப் புதுக்கதவு செய்விப்பது, இவ்விடத்தே தொடர்ந்து வாழ்வோம் என்று சொல்வதற்கு ஒப்பாயிற்று. பலர் செய்விக்கவில்லை; யாழ்ப்பாணத்துக்கும், தமிழகத்துக்கும், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். சிலர் விலைக்கு அகப்பட்ட தகரத்தை அடித்து மறைத்துவிட்டுக் காலம் பார்த்தனர். வேறு சிலர் முன்பிருந்த அளவிலே, முன்பிருந்த மரத்திலே கதவு செய்வித்து மாட்டினர். மேலே சொன்ன சிற்ப நூலை அவர்கள் படித்திருக்க வேண்டுவதில்லை.

பின்னர் வடக்கே போர் மூண்டு நீடித்தது. இடம்பெயர்ந்தோரும், வெளிநாட்டுப் பயணத்துக்கென வந்து தங்கியோருமாக வெள்ளவத்தை நிறைந்தது. நிலத்தின் விலை ஏறியது. வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாயின. அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்துக்கு ஒரே வாயில், ஒரே இயந்திரக் கதவு. அது பழுதானால் முகாமைக் குழு கூடி முடிவு செய்யும். இடித்த வீடுகளின் கதவுகள் பழைய மரம் விற்போரிடம் செல்கின்றன. அவற்றைத் தேடி வாங்கிப் புது வீட்டிலே பொருத்துவோரும் இப்பொழுது பெருகியுள்ளனர். அவர்களுள் விவரமறிந்தவர் கதவோடு அதன் நிலையையும் சேர்த்தே கேட்டு வாங்குகின்றனர். நிலையின்றி வந்த கதவைப் புதுச்சுவரின் அளவுக்கு இழைத்து இழைத்துத் தச்சர் படும் பாடு சிறிதன்று.