உபகாரச் சம்பளம் முதல் ஓய்வூதியம் வரை: மட்டாஞ்சேரி எல்லையில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முதுமையில் ஒருவரைக் காப்பது யார் என்னும் வினாவிற்குக் குடும்பம், கோயில், அரசன் எனக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. காலனிய ஆட்சி இவ்வினாவிற்கு எழுத்துவடிவிலான விதிகளைக் கொண்டு விடையளித்தது. அவ்விடை முழுமையானதன்று, அனைவருக்கும் உரியதாகவும் அமையவில்லை. எனினும் தென்னிந்தியப் படித்த வகுப்பாரின் வாழ்க்கை ஒழுங்கை அது மாற்றியமைத்தது. கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியை மையமாகக் கொண்டு, காலனியக் காலத்து ஓய்வூதிய விதிகளையும் ஓய்வு விண்ணப்ப நடைமுறைகளையும் விளக்குவதும், ஓய்வூதியத்தைக் குறிக்க வழங்கிய சொற்களின்வழி அதன் கருத்து மாற்றத்தை இனங்காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இரு ஆட்சிகளின் எல்லை

1795-ஆம் ஆண்டில் டச்சுக்காரரிடமிருந்து கொச்சிக் கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். கோட்டைப்பகுதி பின்னர் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. அதனை ஒட்டியுள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி அரசுக்கு உரியதாகவே நீடித்தது. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர் செப்பனிட்டமையால் டச்சு அரண்மனை என வழங்கப்பெறும் மட்டாஞ்சேரி அரண்மனை கொச்சி அரசர்களின் முடிசூட்டு மண்டபத்தைக் கொண்டது. இவ்வாறு நடந்தே கடக்கக்கூடிய தொலைவிற்குள் இரண்டு அரசுகள், இரண்டு கருவூலங்கள், இரண்டு பணியமைப்புகள் இயங்கின. கோட்டைப் பகுதியில் பணியாற்றிய குமாஸ்தா சென்னை அரசின் ஊழியர். மட்டாஞ்சேரியில் பணியாற்றியவர் கொச்சி சர்க்காரின் ஊழியர். அண்டை வீட்டாராக வாழினும் முதுமையில் அவர்கள் கைநீட்ட வேண்டிய இடங்கள் வேறு வேறாக இருந்தன.

பழைய கொச்சி நாட்டில் பணிக்கு ஈடாக நிலம் வழங்கும் விருத்தி முறை இருந்தது. பணி ஒரு குடும்பத்தின் வழியில் தொடரும்போது முதுமை தனிச்சிக்கலாக எழுவதில்லை. தந்தை தளர்ந்தால் இளையவர் பணியை ஏற்பார். நிலம் குடும்பத்திலேயே இருக்கும். 1812 முதல் 1818 வரை கொச்சியின் ரெசிடெண்டாகவும் திவானாகவும் ஒருங்கே விளங்கிய கர்னல் ஜான் மன்றோ ஆட்சித்துறைகளை ஆங்கிலேய முறையில் சீரமைத்தார். மாதச் சம்பளம் பெறும் அலுவலர் வகுப்பு இதன் பின்னர் வலுப்பெற்றது. சம்பளம் தனிமனிதருக்கு உரியது. அவர் பணி ஓய்ந்தால் அதுவும் ஓயும். ஓய்வூதியம் என்னும் தேவை இவ்விடத்தில்தான் பிறக்கிறது எனலாம்.

விதிகளின் அமைப்பு

ஆங்கிலேய இந்தியாவின் குடிமைப் பணியாளர் 19-ஆம் நூற்றாண்டில் உடன்படிக்கைப் பணியாளர், உடன்படிக்கை சாராப் பணியாளர் என இரு பிரிவினராக இருந்தனர். இங்கிலாந்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்று வந்த முதற்பிரிவினர் 25 ஆண்டுகள் பணிபுரிந்து, அவற்றுள் 21 ஆண்டுகள் நேர்ப்பணியில் இருந்திருப்பின், ஆண்டுக்கு 1,000 பவுன் பெற்றனர். அதன்பொருட்டு அவர்களின் சம்பளத்தில் நூற்றுக்கு 4 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டது. தாசில்தார், முன்சீப், சிரஸ்ததார், குமாஸ்தா முதலிய பதவிகளில் இருந்த இந்தியர் இரண்டாம் பிரிவினர். அவர்களின் ஓய்வூதியம் ரூபாயில் கணக்கிடப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரூபாயின் மதிப்பு பவுனுக்கு எதிராகத் தொடர்ந்து சரிந்ததை எண்ணுங்கால் இவ்வேறுபாட்டின் பொருள் விளங்கும். இங்கிலாந்தில் பவுனாக வழங்கப்பட்ட ஓய்வூதியங்களின் சுமையை இந்திய வருவாயே தாங்கியது. தாதாபாய் நௌரோஜி எடுத்துரைத்த செல்வ வடிகால் கோட்பாட்டில் இச்செலவும் இடம்பெற்றுள்ளமை குறிப்பிடத்தக்கது.

குடிமைப்பணி ஒழுங்குவிதிகள் ஓய்வூதியத்தை நான்கு வகைகளாகப் பகுத்தன. பதவி நீக்கப்பெறும்போது தரப்படும் ஈட்டு ஓய்வூதியம், உடல் அல்லது மனநலக் குறைவால் பணி இயலாதார்க்குரிய ஓய்வூதியம், 55 வயது நிறைவில் பெறும் முதுமை ஓய்வூதியம், 30 ஆண்டுப் பணி முடித்துத் தாமே விலகுவோர்க்குரிய ஓய்வூதியம் என்பன அவை. பத்தாண்டிற்குக் குறைந்த பணிக்கு ஒருமுறைத் தொகை மட்டுமே உண்டு. பத்தாண்டு நிறைந்தபின், இறுதி மூன்றாண்டுகளின் சராசரிச் சம்பளத்தை அறுபது கூறாக்கி, பணியாண்டுக்கு ஒரு கூறு வீதம் கணக்கிட்டனர். 25 ஆண்டு நிறைந்தால் முப்பது கூறு, அதாவது பாதிச் சம்பளம், உச்சவரம்பிற்கு உட்பட்டுக் கிடைத்தது. சராசரியாக 60 ரூபாய் சம்பளம் பெற்ற குமாஸ்தா 24 ஆண்டில் விலகினால் மாதம் 24 ரூபாயும், 25 ஆண்டில் விலகினால் 30 ரூபாயும் பெறுவார். அந்த ஓர் ஆண்டுக்காக நோயையும் மறைத்துக் கச்சேரிக்குச் செல்லும் மனிதரை இக்கணக்கின் பின்னே நாம் ஊகித்துக் காணலாம்.

இரண்டு செய்திகள் இவ்விதிகளின் இயல்பைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றன. முழு ஓய்வூதியம் தானாகவே கிடைத்துவிடுவதன்று. பணி நிறைவளித்ததாக மேலதிகாரி ஏற்க வேண்டும். மேலும், ஓய்வுக்குப் பிந்தைய நன்னடத்தையும் நிபந்தனையாக இருந்தது. 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் கடன்காரர் ஓய்வூதியத்தை முடக்குவதைத் தடுத்துப் பணியாளரைக் காத்தது. அதே வேளையில், மாவட்ட ஆட்சியர் முதலிய அதிகாரியின் சான்றின்றி ஓய்வூதிய வழக்குகளை உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிப்பதையும் தடுத்தது. பிறரிடமிருந்து காத்த அரசு, தன்னிடமிருந்து பணியாளரைக் காக்கவில்லை.

விண்ணப்பமும் உயிரோடிருத்தலும்

ஓய்வு விண்ணப்பம் ஒருவரது வாழ்நாளைத் தாளில் சுருக்குவதாகும். பிறந்த நாள், பணியில் சேர்ந்த நாள், வகித்த பதவிகள், விடுப்புகள், பணி முறிவுகள், இறுதிச் சம்பளம், உடலின் அடையாளக் குறிகள் ஆகியன அதில் இடம்பெற்றன. பிறந்த நாளைச் சாதகத்திலும் நட்சத்திரத்திலும் நினைவில் கொண்ட சமூகத்தில் ஆங்கில ஆண்டும் நாளும் வாழ்வைத் தீர்மானிக்கும் எண்களாயின. பணிப்பதிவேட்டில் ஒருகால் எழுதப்பட்ட வயதே ஒருவரின் உண்மை வயதாயிற்று.

ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்டபின் பெறுநர் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். கருவூலத்திற்கு நேரில் செல்லுதல் பொதுவிதி. நோயாளிகளுக்கும் வெளியில் வாராத பெண்டிர்க்கும் பொறுப்புள்ளோரின் சான்று ஏற்கப்பட்டது. இறந்தவர் பெயரில் பிறர் பணம் பெறுவதைத் தடுக்க வங்காளத்து ஹூக்ளியில் நீதித்துறை நடுவராக இருந்த வில்லியம் ஹெர்ஷல் 1877-இல் ஓய்வூதியர்களிடம் விரல்ரேகை பெற்றார். பின்னாளில் குற்றவாளிகளைக் கண்டறியும் கருவியாக உலகெங்கும் பரவிய விரல்ரேகைப் பதிவின் தொடக்க வரலாற்றில் இந்திய ஓய்வூதியரின் விரல்களுக்கும் இடமுண்டு.

ஓய்வூதியம் பெறுநரின் உயிருடன் முடிந்தது என்பதே இவ்வமைப்பின் பெருங்குறை. மனைவிக்கோ மக்களுக்கோ அது பொதுவாகத் தொடரவில்லை. பியூன் முதலிய கீழ்நிலைப் பணியாளருக்குத் தனியான, மிகக் குறைந்த அளவுகள் வகுக்கப்பட்டன. மாதச் சம்பளத்தை நம்பி நிலத்தையும் ஊரையும் விட்டு வந்த குடும்பத்தில் ஆடவர் இறந்தால் எஞ்சியோர் மீண்டும் உறவினரையே சார வேண்டியதாயிற்று. அரசு கைவிட்ட இடத்தைக் குடும்பம் நிரப்பியது. அச்சுமையைக் கைம்பெண்கள் சுமந்தனர். நடுவண் அரசுப் பணியில் விரிவான குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இரவல் அலுவலரும் கொச்சித் திவான்களும்

கொச்சித் திவான்களுள் பலர் ஆங்கிலேய இந்தியப் பணியிலிருந்து இரவலாக வந்தோராவர். 1907 முதல் 1914 வரை திவானாக இருந்த ஏ. ஆர். பானர்ஜி, அவரையடுத்து 1919 வரை இருந்த ஜே. டபிள்யூ. போர் ஆகியோர் இந்தியக் குடிமைப் பணியினர். இத்தகையோர் அயற்பணி விதிகளுக்கு உட்பட்டனர். சமஸ்தானம் அவர்க்குச் சம்பளம் அளித்ததுடன், அவர்தம் ஓய்வூதியத்தின்பொருட்டு ஆங்கிலேய இந்தியக் கருவூலத்திற்குப் பங்குத்தொகையும் செலுத்த வேண்டும் என்பது அம்முறை. அரசரின் ஆணைப்படி ஆட்சி நடத்திய திவானின் முதுமை வேறோர் அரசின் பொறுப்பில் இருந்தது. அவர் யாருக்கு விசுவாசமாக இருப்பார் என்னும் வினா இங்கு எழுவது இயல்பே. ரெசிடெண்டின் நேரடி ஆணைகளைப் போலவே இத்தகைய விதிகளும் சமஸ்தானத்தின் மீதான ஆதிக்கத்தைத் தாங்கி நின்றன எனக் கருதலாம்.

ஓய்வும் தமிழ்ப் பதிப்பும்

தமிழிலக்கிய வரலாற்றிலும் ஓய்வூதியத்திற்கு ஓர் இடமுண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை கள்ளிக்கோட்டை அரசினர் கல்லூரியில் சிலகாலம் ஆசிரியராக இருந்தவர். கொச்சிக் கோட்டை அடங்கிய அதே மலபார் மாவட்டத்தின் தலைநகர் அது. பின்னர்ச் சென்னையில் அரசின் கணக்குத் துறையில் உயர்பதவி வகித்து 1882-இல் ஓய்வு பெற்றார். பணிக்காலத்தில் 1868-இல் தொல்காப்பியச் சேனாவரையத்தையும் 1881-இல் வீரசோழியத்தையும் பதிப்பித்தார். ஓய்விற்குப் பின், இறையனார் அகப்பொருள் 1883-இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-இலும், கலித்தொகை 1887-இலும், இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889-இலும் வெளிவந்தன. பின்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் பணியாற்றினார். ஆங்கிலேயப் பணியில் ஓய்ந்தோர் சமஸ்தானங்களில் மறுபணி ஏற்கும் வழக்கிற்கு இது சான்றாகும்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் பதவியிலிருந்து 1872-இல் விலகினார். அவரது பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சேறியது. இவற்றைக் கொண்டு ஓய்வே நூல்களைத் தோற்றுவித்தது என முடிவு செய்தல் பொருந்தாது. உ. வே. சாமிநாதையர் 1919-இல் ஓய்வு பெறுவதற்கு முன்னரே சிந்தாமணியையும் புறநானூற்றையும் பதிப்பித்துவிட்டார். மலையாளத்தின் ஓ. சந்துமேனோன் நீதித்துறைப் பணியில் இருந்துகொண்டே 1889-இல் இந்துலேகாவை வெளியிட்டார். திருவனந்தபுரத்துப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் மனோன்மணீயத்தை அளித்து, ஓய்வுவயதை எட்டாமலே 1897-இல் 42-ஆம் வயதில் மறைந்தார். ஆயினும், புலவர் புரவலரின் வாயிலை நாடிய மரபிலிருந்து, மாதந்தோறும் கருவூலத்தில் பணம் பெறும் மரபிற்குத் தமிழ்ப்புலமையின் ஒரு பகுதி நகர்ந்தமையை மறுப்பதற்கில்லை.

ஓய்வு பெற்ற அரசர்

அலுவலர் 55 வயதில் விலக வேண்டும் என்பது விதியாக இருந்த காலத்தில் கொச்சி அரசருக்கு அத்தகைய வரம்பு இல்லை. மருமக்கள்தாய மரபுப்படி குடும்பத்தின் மூத்த ஆடவரே அரசரானமையால் முதுமையிலேயே பலர் அரியணை ஏறினர். 1941-க்கும் 1948-க்கும் இடையில் மட்டும் நால்வர் அடுத்தடுத்து அரசராயினர். இவ்வரிசையில் 1895 முதல் ஆண்ட இராமவர்மா 1914-இல் தாமே பதவி துறந்தார். சோரனூர்-கொச்சி இருப்புப்பாதைக்காகத் திருப்பூணித்துறைக் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றவர் எனப் புகழ்பெற்றவர் இவர். பதவி துறந்தபின் திருச்சூரில் வாழ்ந்து 1932-இல் மறைந்த இவரை மக்கள் 'வாழ்ச்ச ஒழிஞ்ஞ வலிய தம்புரான்' என அழைத்தனர். ஓய்வு என்பது அரசரின் பெயருடனும் ஒட்டிக்கொண்ட காலம் அது.

மூன்று சொற்கள்

ஓய்வூதியத்தைக் குறிக்க மலையாளத்தில் 'அடுத்தூண்' என்னும் சொல் வழங்குகிறது. இதில் ஊண், அதாவது உணவு, வெளிப்படையாகவே உள்ளது. தமிழில் முன்னர் 'உபகாரச் சம்பளம்' என்றனர். இது கொடுப்போரின் கருணையை முன்னிறுத்தும் சொல். மேலதிகாரி மனநிறைவு கொண்டாலன்றி முழுத்தொகை இல்லை என்ற விதிக்கு மிகப் பொருந்துவது. 'ஓய்வூதியம்' என்னும் பிற்காலச் சொல் வேறு நோக்கினது. ஊதியம் என்பது ஈட்டப்பட்ட பயனைக் குறிக்கும். திருக்குறளிலும் ஆதாயம் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. உண்ணும் உணவு, பெறும் உபகாரம், ஈட்டிய ஊதியம் என்னும் மூன்றும் மூன்று சமூகப் பார்வைகளைச் சுட்டி நிற்கின்றன.

இச்சொல் மாற்றத்திற்குச் சட்டவடிவம் பின்னரே கிட்டியது. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் ஓய்வூதியம் கொடை அன்று, உரிமையே என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் இறுதியில் அரசியலமைப்புத் திருத்தத்தால் முன்னாள் அரசர்களின் மன்னர் மானியம் ஒழிந்தது. பணியாளரின் உபகாரம் உரிமையாக, அரசரின் உரிமை ஒழிந்த ஆண்டு அது. 1982 டிசம்பர் 17-இல் நகரா வழக்கின் தீர்ப்பு இவ்வுரிமையை மேலும் உறுதிப்படுத்தியது.

முடிவுரை

1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956-இல் மலபாருடன் கேரளம் உருவாயிற்று. கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எர்ணாகுளத்துடன் சேர்ந்து 1967-இல் ஒரே மாநகராட்சியாயின. 1959-இல் நடைமுறைக்கு வந்த கேரளப் பணிவிதிகள் வெவ்வேறு பணியமைப்புகளிலிருந்து வந்தோரை ஒரே விதியின்கீழ்க் கொணர்ந்தன. காலனியக் காலத்து 55 வயது வரம்பு கேரள அரசுப் பணியில் 2012-இல்தான் 56 ஆயிற்று. எல்லைகள் அழிந்தபின்னும் விதிகள் நீடித்து வாழ்ந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதலும், நடுவண் அரசில் 2004 சனவரி முதலும், கேரளத்தில் 2013 ஏப்ரல் முதலும் பணியேற்றோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியமுறை கொணரப்பட்டது. உறுதிசெய்யப்பட்ட தொகைக்கு மாற்றாகப் பணியாளரின் சேமிப்பையும் சந்தையையும் சார்ந்ததாக அது அமைந்தது. இதனையொட்டி எழுந்த விவாதங்களில் நிதிக்கணக்குகளே பெரிதும் பேசப்படுகின்றன. கணக்கிற்கு அடியில் பழைய வினா ஒன்று உள்ளது: முதுமையில் தரப்படுவது உபகாரமா, ஊதியமா? எல்லைக்கோட்டின் இருபுறமும் இரு கருவூலங்களை நோக்கி நடந்த பணியாளரின் வரலாறு, அவ்வினாவிற்கான விடை தானாகக் கிடைத்ததன்று, நெடுங்காலப் போக்கில் ஈட்டப்பட்டது என்பதை உணர்த்துகிறது. ஈட்டப்பட்டதைப் பேணுதல் அதனை அறிவதில் தொடங்குகிறது.