பரோடாப் பத்திரமும் ஒரு ரூபாய்க் கணக்கும்

வெளிநாட்டுப் படிப்புக்குக் காசு புரட்டுவது பற்றி யாராவது பேச்செடுத்தால் வங்கிக் கடன், ஸ்காலர்ஷிப், அப்பாவின் வீட்டுப் பத்திரம், மாமாவின் ஜாமீன் கையெழுத்து என்று ஒரு பட்டியல் வரும். ஏதோ நம் காலத்துத் தலைவலி மாதிரி இருக்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்குகளை எடுத்துப் பார்த்தால் வழிகள் பெரிதாக மாறியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளாக அம்பேத்கரின் படிப்புச் செலவை மட்டும் தனியே எடுத்து வரிசைப்படுத்திக் கொண்டிருந்தேன். உதவித்தொகை, சம்பளச் சேமிப்பு, நண்பரிடம் கடன் என்று எல்லா வழிகளையும் அந்த ஒரே மனிதர் பத்தே வருஷத்துக்குள் தொட்டிருக்கிறார்.

முதலில் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிக்கும்போதே அம்பேத்கருக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்தவர் இவர்தான். 1913இல் தன் செலவில் சில மாணவர்களை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடிவு செய்தார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருஷத்துக்கு. பதிலுக்கு ஒரு பத்திரம்: படித்து முடித்ததும் பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும். ஜூன் மாதம் கையெழுத்துப் போட்டபோது அம்பேத்கருக்கு வயது 22. அப்பா இறந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

பதினொன்றரை பவுண்டு என்றால் அன்றைய விகிதத்தில் ஏறக்குறைய 56 டாலர். வருஷத்துக்கு 138 பவுண்டு. அடுத்த வருஷமே, 1914 மார்ச்சில், ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது வருஷத்துக்கு 250 பவுண்டு. அதில் 60 பவுண்டு இங்கே அம்மாவுக்குப் போய்ச் சேர ஏற்பாடு. அம்பேத்கரும் தன் பங்கிலிருந்து மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உதவித்தொகை என்பது ஒரு மாணவனுக்கு மட்டும் வரும் பணம் என்று நினைப்பதெல்லாம் வசதியான வீட்டுப் பழக்கம்.

கொலம்பியாவில் அதே சமயம் ஜான் டூயியிடம் படிக்க வந்த இன்னொருவர் சீனாவின் ஹூ ஷி. 1915இல் வந்தார். இவருடைய பணத்தின் கதை இன்னும் விநோதம். பாக்ஸர் கலகத்தை அடக்கிய வல்லரசுகள் 1901இல் சீனாவின் தலையில் 45 கோடி டேல் வெள்ளி அபராதம் கட்டின. அமெரிக்கா தன் பங்காகக் கேட்டது உண்மையான நஷ்டத்தைவிட அதிகம் என்பதைச் சீனத் தூதர் லியாங் செங் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1908இல் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த உபரியைத் திருப்பித் தரச் சம்மதித்தது. ஆனால் கையில் கொடுக்கவில்லை பாருங்க, சீன மாணவர்கள் அமெரிக்காவில் படிக்கும் செலவாகத்தான் திரும்பியது. 1909இல் 47 பேர், அடுத்த வருஷம் 70 பேர். அந்த 70 பேரில் ஒருவர் ஹூ ஷி. பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகமே இந்தப் பணத்தில் 1911இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான். சீனாவின் பணத்தைச் சீனாவுக்கே தானமாகக் கொடுத்த சாமர்த்தியம் இது.

நம் பக்கத்தில் ஜம்ஷெட்ஜி டாடா 1892லேயே வேறு மாதிரி யோசித்திருந்தார். அவருடைய நிதி கொடுத்தது கடன். படித்துச் சம்பாதித்துத் திருப்பிக் கட்டினால் அடுத்தவருக்குப் போகும். முதலில் பயன்பெற்றவர்களில் பெண் மருத்துவர்களும் உண்டு. பிற்காலத்தில் கே.ஆர். நாராயணன் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனதும் டாடா உதவியில்தான். கடன் என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். எனக்கென்னவோ பரோடாப் பத்திரத்தைவிட இது நாணயமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. பணத்தைக் கட்டினால் ஆள் விடுதலை.

பத்திரத்தின் கதைக்கு வருவோம். 1916இல் கொலம்பியாவை முடித்துக்கொண்டு அம்பேத்கர் லண்டன் போனார். பொருளாதாரப் பள்ளியில் ஓர் இடம், கிரேஸ் இன்னில் சட்டப் படிப்பு. ஒரே வருஷத்தில் உதவித்தொகைக் காலம் முடிந்தது, பரோடா திரும்பச் சொல்லிவிட்டது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவருடைய சாமான்களை ஏற்றிவந்த கப்பல் குண்டடிபட்டு மூழ்கியது. மூழ்கிய சாமானுக்குக் கிடைத்த இழப்பீடுதான் பரோடாவுக்குப் போக வழிச்செலவாக உதவியது என்கிறார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர்.

பரோடாவில் தங்க இடமில்லை. இந்து விடுதியில் விட மாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில், நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் தங்கினார். பதினோராம் நாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்தது. மாலைக்குள் காலி செய் என்றார்கள். ஒரு இந்து நண்பரையும் ஒரு கிறிஸ்தவ நண்பரையும் கேட்டுப் பார்த்தார். இருவரும் ஏதோ காரணம் சொல்லி நழுவினார்கள். இரவு ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த சமஸ்தான அதிகாரியின் நிலைமை இது! பத்து வருஷம் வேலை செய்வேன் என்று எழுதி வாங்கியவர்கள், அந்தப் பத்து வருஷம் அவர் எங்கே தூங்குவார் என்று யோசிக்கவே இல்லை.

லண்டன் படிப்பு பாதியில் நின்றது. நாலு வருஷத்துக்குள் வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய்க்குப் பேராசிரியர் வேலை. நல்ல சம்பளம்தான், அதில் பிடித்துப் பிடித்துச் சேர்த்தார். கோலாப்பூர் ஷாஹு மகாராஜா உதவினார். கொலம்பியாவில் கூடத் தங்கியிருந்த பார்சி நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள், இவரும் பார்சி. 1920இல் மறுபடி லண்டன்.

இங்கேதான் அந்த ரூபாய்க் கணக்கு. 1920 தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இரண்டரை ஷில்லிங்குக்கு மேலே கிடைத்தது. 1921இல் அது ஒன்றேகால் ஷில்லிங் அளவுக்கு விழுந்தது. அதாவது நூறு ரூபாய் கொடுத்துப் பன்னிரண்டரை பவுண்டு வாங்கிய இடத்தில் ஆறேகால் பவுண்டுதான் கைக்கு வரும். ரூபாயில் சேர்த்துப் பவுண்டில் சாப்பிடும் மாணவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்! டாலர் ஏறும்போதெல்லாம் கால்குலேட்டரைத் தட்டும் இன்றைய பெற்றோருக்குப் புரியும். லண்டனில் அவர் அரை வயிற்றோடு நூலகத்துக்கு நடந்து போனதையும், இரவுப் பசிக்கு அப்பளம் சுட்டுத் தின்றதையும் கீர் எழுதுகிறார். அந்த நாட்களில் அவர் எடுத்துக்கொண்ட டி.எஸ்சி. ஆய்வுத் தலைப்பு என்ன தெரியுமா? ரூபாயின் பிரச்சினை! பவுண்டோடு ரூபாயை எப்படிப் பிணைப்பது என்ற அதே கேள்வி. சொந்தச் சட்டைப்பையிலிருந்து தலைப்பு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டைப்பையும் கூடவே இருந்தது, அவ்வளவுதான்.

1923இல் ஆய்வைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். கையில் காசு இல்லை. பம்பாய்க்குத் திரும்பி வந்து திருத்தி அனுப்பித்தான் பட்டம் வாங்கினார்.

கொலம்பியாவின் முனைவர் பட்டம் அதற்கும் பிறகு. ஆய்வேட்டை அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைத்தால்தான் அங்கே பட்டம். ஆக, 1916இல் படிப்பை முடித்தவருக்குப் பட்டம் முறைப்படி வந்தது 1927இல். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களின் நிதி பற்றிய அந்த நூல் 1925இல் அச்சாகி வந்தது. தன் கல்விக்குச் செய்த உதவிக்கு நன்றியாக அதை அவர் காணிக்கையாக்கியிருப்பது பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடுக்கு.