சீமான்கள் சபையும் ஐந்து ஷில்லிங்கும்

வரி என்றதும் அது கணக்கப்பிள்ளையின் வேலை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. யாரிடம் எடுப்பது, யாருக்கு அளிப்பது என்பதன்றோ வரியின் உயிர்நிலை! அந்தக் கேள்வி இங்கிலாந்தின் ஆட்சிமன்றத்தையே உலுக்கிய வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1834ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அங்கே ஏழைக்கு என அமைந்தது ‘ஏழையர் விடுதி’. பெயர்தான் விடுதி, வாழ்வோ சிறைவாழ்வு. கணவன் ஒருபுறம், மனைவி மறுபுறம், மக்கள் வேறொருபுறம்! வெளியே உழைக்கும் மிக எளியவனைக் காட்டிலும் உள்ளே இருப்பவன் நிலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது கோட்பாடு. உதவி பெற்ற ஆடவன் வாக்குரிமையை இழந்தான். பெண்ணுக்கோ அது முதலிலேயே இல்லை. பசித்தவனைக் குற்றவாளியாக்கிவிட்டு, அதனைத் தருமம் என்றனர்.

1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது வயதான ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங். எழுபது வரை எத்தனை தொழிலாளர் வாழ்ந்தனர் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எனினும், அந்தப் பணம் அஞ்சலகத்திலே கிடைத்தது! விடுதி வாயிலிலே தலைகுனிந்து நிற்கத் தேவையில்லை, வாக்குரிமையும் பறிபோகவில்லை.

பணத்துக்கு வழி? போர்க்கப்பல் செலவும் சேர்ந்து நெருக்கிற்று. 1909 ஏப்ரலிலே நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தம் திட்டத்தை வைத்தார். புகையிலைக்கும் சாராயத்துக்கும் வரி ஏறியது. ஏழையின் பை தப்பவில்லை. ஆயினும், ஆண்டு வருமானம் 5,000 பவுனுக்கு மேற்பட்டோர் மீது தனி மேல்வரி விழுந்தது. நிலக்கிழார் விரல் அசைக்காமலே, ஊர் வளர்ந்ததால் மட்டும் நிலத்தின் மதிப்பு ஏறுமானால், அந்த ஏற்றத்திலே ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு!

கொதித்தெழுந்தனர் சீமான்கள். நிதி மசோதாவிலே கை வைப்பதில்லை என்ற நெடுநாள் மரபை உதறி, நவம்பர் 30ஆம் நாள், 75க்கு எதிராக 350 வாக்குகளால் திட்டத்தை வீழ்த்தினர். தேர்தல் வந்தது. லிபரல் கட்சி இடங்களை இழந்தும், தொழிற்கட்சி, அயர்லாந்துக் கட்சி ஆகியவற்றின் துணையோடு ஆட்சியிலே நீடித்தது. 1910 ஏப்ரலிலே திட்டம் நிறைவேறிற்று. நிதி மசோதாவைத் தடுக்கும் அதிகாரத்தையே 1911இல் பிரபுக்கள் இழந்தனர்.

அதே ஆண்டு காப்பீட்டுச் சட்டமும் பிறந்தது. கட்டடம், கப்பல், பொறித்தொழில் போன்ற சில துறைகளிலே வேலையிழந்தவனுக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டிலே 15 வாரங்கள். வேலையின்மை சோம்பேறியின் குற்றமன்று என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

சீமான்களை அலறவைத்த அந்த நிலமதிப்பு வரியோ 1920இல் நீக்கப்பட்டது. அப்போது பிரதமராக இருந்தவர் லாயிட் ஜார்ஜ்!