மூன்று பவுன்

நம் இல்லங்களில் பொன்னைப் பவுன் என்றும் சவரன் என்றும் எண்ணிப் பேசுகிறோம். இரு சொற்களும் ஒரு பவுண்டு மதிப்புடைய ஆங்கிலேயத் தங்க நாணயத்தோடு நம்மிடம் வந்து சேர்ந்தவை. மூன்று பவுனில் சங்கிலி என்றால் நமக்கு மங்கலப் பேச்சு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வாழ்ந்த தமிழருக்கோ, ஒரு காலத்தில் அதே மூன்று பவுன் நடுக்கம் தரும் சொல்லாயிருந்தது.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றோர் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தம் ஐந்தாண்டு, மாதக் கூலி முதல் ஆண்டில் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒன்றாக உயர்ந்து இறுதியில் 14. காலம் முடிந்ததும் பலர் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டனர், சிறு வணிகம் செய்தனர். வேலை செய்ய வந்தவன் வாழவும் தொடங்கியது வெள்ளைக் குடியேறிகளுக்குப் பொறுக்கவில்லை.

அதன் விளைவே 1895ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம். அதன்பின் வந்த கூலிகளுக்கு, ஒப்பந்தம் முடிந்தபின் மூன்றே வழிகள்: தாயகம் திரும்பலாம், மீண்டும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கலாம், இல்லையேல் ஆண்டுதோறும் மூன்று பவுண்டு கட்டி, அங்கு வாழ அனுமதிச் சீட்டுப் பெறலாம். முதலில் 25 பவுண்டு என்றே எண்ணியிருந்தனர். அரசப் பிரதிநிதி எல்கின் பிரபு மூன்றுக்கு இசைந்தார். இதைக் கருணை என்று கொள்வதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1903இல் இவ்வரி பதினாறு வயது நிரம்பிய ஆண்பிள்ளைகளுக்கும் பதின்மூன்று வயது நிரம்பிய பெண்பிள்ளைகளுக்கும் நீட்டப்பட்டது. தாய், தந்தை, வளர்ந்த மகன், மகள் ஆகிய நால்வருக்கும் ஆண்டுக்கு 12 பவுண்டு. மாதம் 14 ஷில்லிங் என்றால், பவுண்டுக்கு 20 ஷில்லிங் வீதம், ஓராண்டுக் கூலி 8 பவுண்டு 8 ஷில்லிங்! ஒப்பந்தத்திற்கு வெளியே கூலி சற்றுக் கூடியிருக்கலாம், பிள்ளைகளும் உழைத்திருக்கலாம். ஆயினும் உண்டு உடுத்தது போக எஞ்சுவது என்ன?

எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அந்நாட்டுக்கு வரி செலுத்துவது முறையே. ஆனால் இங்கே, மீண்டும் கைநாட்டு வைத்தவனுக்கு வரி கிடையாது. கருவூலத்தை நிரப்புவதன்று நோக்கம். மனிதனைத் தோட்டத்திற்கே திருப்புவது, அன்றேல் கப்பலேற்றுவது. கட்ட இயலாதோர் சிறையும் கண்டனர். பலர் மறுபடி ஒப்பந்தத்திற்கே போயினர்.

1912இல் கோகலே அங்குச் சென்று அமைச்சர்களைக் கண்டார். வரி நீங்குமென நம்பித் திரும்பினார். நீங்கவில்லை. 1913 அக்டோபரில், ஜோகன்னஸ்பர்க்கின் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சென்று சுரங்கத் தொழிலாளரிடம் பேச, வேலைநிறுத்தம் மூண்டது. நவம்பர் 6 அன்று காந்தியடிகளோடு 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 சிறாரும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். 1914இன் நடுவில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது, நிலுவையும் தள்ளுபடியாயிற்று.

அதைக் காண வள்ளியம்மை இல்லை. அப்போராட்டத்தில் கடுங்காவல் பெற்று, சிறையில் நோயுற்று வெளிவந்து, அவ்வாண்டு பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் அவள் மறைந்தாள். ஜோகன்னஸ்பர்க்கில் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். அந்த மூன்று பவுன் அவள் தலைமேல் விதிக்கப்பட்டதன்று.