டொயோட்டாவும் லெக்சஸும்

லெக்சஸ், ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1989இல் அமெரிக்கச் சந்தைக்காகத் தொடங்கிய சொகுசுக் கார் பிராண்டு. டொயோட்டாவின் உயர்ரக மாடல்களும் லெக்சஸ் கார்களும் பெரும்பாலும் ஒரே எஞ்சினையும் பிளாட்ஃபார்மையும் பகிர்ந்துகொள்கின்றன. சில ஒரே ஆலையில் உருவாகின்றன. ஆனாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி எல்லா மாடலிலும் ஒன்றாக இருந்ததில்லை. லெக்சஸுக்காகவே அடியிலிருந்து வடிவமைத்த கார் உண்டு, டொயோட்டா காரைச் சற்றே மெருகேற்றிப் பெயர் மாற்றியதும் உண்டு. இந்த இரு வழிகளுக்கும் இடையே போய்வந்ததுதான் இந்தப் பிராண்டின் வரலாறு.

பின்னணி

டொயோட்டா முதன்முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார் கிரவுன். 1950களின் இறுதியில் அங்கே போன அந்தக் கார் ஜப்பானின் கரடுமுரடான சாலைகளுக்கு ஏற்றது. அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிறகு கொரோலா போன்ற சிறிய, சிக்கனமான கார்கள்தான் நிறுவனத்துக்கு அங்கே பெயர் வாங்கித் தந்தன. 1981இல் நிலைமை மாறியது. அமெரிக்காவின் நெருக்குதலால் ஜப்பான், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அந்நாட்டுக்கு அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டது. எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லாதபோது, விற்கும் ஒவ்வொரு காரிலும் லாபத்தைக் கூட்டுவதே மிச்சமிருந்த வழி. ஹோண்டா 1986இல் அக்யூராவையும், நிசான் 1989இல் இன்ஃபினிட்டியையும் தொடங்கியதற்கும் இந்தச் சூழலே காரணம்.

எல்எஸ் 400

1983இல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் மிகச் சிறந்த கார்களுக்குச் சவால் விடும் ஒரு காரை நம்மால் செய்ய முடியுமா என்று தம் அதிகாரிகளைக் கேட்டார். தலைமைப் பொறியாளராக அமர்ந்த இச்சிரோ சுசுகி, ஒன்றுக்கொன்று முரணான இலக்குகளை ஒன்றாக வைத்தார். கார் மணிக்கு 250 கி.மீ. போக வேண்டும்; அதே சமயம், எரிபொருளை அதிகம் குடிக்கும் கார்களுக்கு அமெரிக்கா போட்டிருந்த தனி வரிக்குள் சிக்கக் கூடாது. எடை கூடக் கூடாது, சத்தமும் கூடாது.

சத்தத்தை அடக்க எளிய வழி, கதவிலும் தரையிலும் தடுப்புப் பொருட்களைத் திணிப்பது. அதனால் எடை ஏறும். சுசுகியின் குழு, சத்தம் பிறக்கும் இடத்திலேயே அதை நிறுத்தப் பார்த்தது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், கூடுமானவரை வளையாமல் நேர்கோட்டில் அமையும்படி அடிப்பகுதியையே மாற்றியமைத்தார்கள். எஞ்சின் உதிரிபாகங்களின் அளவில் வழக்கத்தைவிட நுணுக்கமான துல்லியத்தைக் கேட்டார்கள். காற்றெதிர்ப்புக் கெழு 0.29க்கு இறங்கியது, அக்காலப் பெரிய செடான்களில் இது அரிது. நான்கு லிட்டர் வி8 எஞ்சின் 250 குதிரைத்திறன் தந்தது. இத்தனையும் கொண்ட கார், எல்எஸ் 400 என்ற பெயரில், ஜெர்மன் போட்டியாளர்களை விடப் பல ஆயிரம் டாலர் குறைவான விலைக்கு 1989இல் கடைக்கு வந்தது. டொயோட்டாவின் பொறியியல் சாதனைகளில் இதற்கு இணையாகச் சொல்ல வெகு சிலவே உண்டு.

அதே கார் ஜப்பானில் டொயோட்டா செல்சியோர் என்ற பெயரில் விற்பனையானது. அங்கே 2005 வரை லெக்சஸ் என்ற பிராண்டே கிடையாது. அமெரிக்காவில் ஜிஎஸ் என்ற கார் ஜப்பானில் அரிஸ்டோ, ஐஎஸ் என்பது அல்டெசா, ஆர்எக்ஸ் என்பது ஹாரியர். ஜப்பானியர்கள் பதினாறு ஆண்டுகள் இக்கார்களை டொயோட்டா முத்திரையோடுதான் வாங்கினார்கள். ஆக, புதிய பெயர் தேவைப்பட்டது காருக்கு அல்ல. டொயோட்டா என்றால் சிக்கனக் கார் என்று பழகிப்போன அமெரிக்க வாடிக்கையாளருக்கு.

மெருகேற்றிய கேம்ரி

எல்எஸ் ஒன்றை மட்டும் வைத்து ஒரு ஷோரூமை நடத்த முடியாது. அதனால் 1989இலேயே இஎஸ் 250 என்ற கார் அவசரமாகச் சேர்க்கப்பட்டது. அது 2.5 லிட்டர் வி6 எஞ்சின் பொருத்திய டொயோட்டா கேம்ரிதான். பார்த்தவர்களுக்கு உடனே தெரிந்தது. இரண்டே ஆண்டில் அதை நிறுத்திவிட்டு, 1991இல் இஎஸ் 300ஐக் கொண்டுவந்தார்கள். இதுவும் கேம்ரியின் உறவுதான் என்றாலும், உடலும் உள்ளறையும் தனக்கென்று கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் ஏற்றார்கள். பின்னாளில் இஎஸ், கேம்ரியைவிடப் பெரிய டொயோட்டா அவலானோடு நெருங்கியது. 2015 முதல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுன் ஆலையில் கேம்ரி, அவலான், இஎஸ் மூன்றும் தயாராயின.

டொயோட்டாவின் எஸ்யூவியான லேண்ட் குரூஸரின் விஷயம் வேறு. 1996இல் வந்த எல்எக்ஸ் 450, 80 வரிசை லேண்ட் குரூஸருக்கு மென்மையான சஸ்பென்ஷனும் தோல் இருக்கையும் கொடுத்த வடிவம். அதைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் மூலக் காரே மிக உறுதியானது. 1998இல் அமெரிக்காவுக்கு வந்த ஆர்எக்ஸ் 300தான் உண்மையில் வழி திறந்தது. கேம்ரியின் அடித்தளத்தில் எழுந்த அந்த எஸ்யூவி, காரைப் போல மென்மையாக ஓடும் உயரமான சொகுசு வண்டி என்ற வகைக்கே முன்னோடியானது. லெக்சஸின் மிக அதிகம் விற்கும் மாடலாகவும் வளர்ந்தது.

இந்தியாவில்

லெக்சஸ் 2017இல் இந்தியாவுக்கு வந்தது. 2020இல் இஎஸ் 300எச், கேம்ரி ஹைப்ரிட் உருவான, பெங்களூருக்கு அருகிலுள்ள அதே பிடதி ஆலையில் அசெம்பிள் செய்யப்படத் தொடங்கியது. அன்றைய கேம்ரியிலும் இஎஸ்ஸிலும் ஒரே 2.5 லிட்டர் ஹைப்ரிட் எஞ்சின், ஒரே 218 பிஎஸ் திறன். வீல்பேஸ் முறையே 2,825, 2,870 மி.மீ.; வித்தியாசம் 45 மி.மீ. மட்டுமே. விலையிலோ சுமார் 15 லட்சம் ரூபாய் இடைவெளி: 2019இல் கேம்ரியின் அறிமுக விலை 36.95 லட்சம், அடுத்த ஆண்டு இஎஸ்ஸின் தொடக்க விலை 51.90 லட்சம். பின்சீட்டைப் பொத்தானால் சாய்ப்பது, ஏசியையும் பின்கண்ணாடியின் வெயில் திரையையும் பின்னாலிருந்தே இயக்குவது என்ற வசதிகள் கேம்ரியிலேயே இருந்தன. இஎஸ்ஸில் கூடுதலாகக் கிடைத்தவை உள்ளறையின் நேர்த்தி, அமைதி, பேட்ஜுக்குரிய மதிப்பு ஆகியவை. பின்சீட்டில் பயணிப்பவருக்கு அந்தக் கேம்ரியே போதும் என்பது இந்தக் கட்டுரையாளரின் கணிப்பு. டொயோட்டாவின் சொகுசு வேனான வெல்ஃபயருக்கும் அதன் லெக்சஸ் வடிவமான எல்எம்முக்கும் இடையில் அப்படிச் சொல்ல முடியாது: நான்கு இருக்கை எல்எம்மில் ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் நடுவே தடுப்புச் சுவர் எழுப்பி, அதில் 48 அங்குலத் திரை பதித்திருக்கிறார்கள்.

செஞ்சுரி

லெக்சஸுக்கு முன்பே டொயோட்டாவின் உச்சியில் இருந்தது 1967இல் வந்த செஞ்சுரி. நிறுவனக் குடும்பத்தின் மூதாதை சாகிச்சி டொயோடாவின் நூற்றாண்டையொட்டிப் பிறந்த அந்தக் கார், 1997 முதல் 2017 வரை 5 லிட்டர் வி12 எஞ்சினோடு ஓடியது. ஜப்பானிய அரச குடும்பமும் பிரதமர்களும் பயன்படுத்தியது. அதற்கு ஒருபோதும் லெக்சஸ் பெயர் சூட்டப்படவில்லை. 2025 அக்டோபரில் டொயோட்டா செஞ்சுரியைத் தனிப் பிராண்டாக, லெக்சஸுக்கும் மேலான படியில் வைத்து அறிவித்தது.