ஒற்றியூர்க் காளாமுகர்கள்

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் சின்ன வயதில் கல்வெட்டு ஒன்றின் மீது விரல் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். அகல் விற்கிற ஆயா அதட்டினார். “கைய எடு கண்ணு. அதெல்லாம் சித்தருங்க எழுதிவச்ச மந்திரம். தப்பாப் படிச்சா ரத்தம் கக்கிப்பே.”

ரொம்ப நாள் அதை நம்பினேன். நம்பாமல் இருக்க முடியாத ஊர் அது. பேய்க்கரும்பின் நுனி இனித்த இடம் என்று பட்டினத்தார் சமாதி கடற்கரையோரம் இருக்கிறது. பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டே அவர் மறைந்துபோனார் என்பார்கள். பிறகு கல்வெட்டுத் தொகுதிகளைப் படிக்க ஆரம்பித்தபோது பெரிய ஏமாற்றம். விளக்குக்கு ஆடு, நெய், நிலம், பொன், வட்டி. மந்திரம் ஒன்றையும் காணோம். அந்த ஏமாற்றம் தவறு என்று புரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.

மாயக் கதை எழுதுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. இவ்வளவு சக்தி உள்ள கூட்டம் நம்மோடு வாழ்ந்திருந்தால் அது வரலாற்றில் ஏன் தட்டுப்படவில்லை? ஹாரி பாட்டர் நாவல்கள் இதற்கு ஒரு சட்டத்தைக் கற்பனை செய்தன: 1692லிருந்து மந்திரவாதிகள் தம்மை உலகிடமிருந்து மறைத்துக்கொள்கிறார்கள். நம் சித்தர் கதைகளில் மலைக்குகை அந்த வேலையைச் செய்கிறது. ஒற்றியூரின் உண்மைக் கதையிலும் ஒரு குகை வருகிறது. ஆனால் அதற்குள் போனவர் மறையவில்லை. வெளியே வந்து கோயில் வரவுசெலவில் உட்கார்ந்தார்.

அவர் பெயர் வல்லபன். கேரளத்துக்காரர். சோழன் முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தனுக்கு நண்பர், படையில் முக்கியமானவர். 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில், யானை மேலிருந்த இராஜாதித்தன் கொல்லப்பட்டான். அந்த நேரத்தில் வல்லபன் அங்கே இல்லை. தலைவனோடு சாகாமல் பிழைத்துவிட்டது அவரைத் தின்றிருக்கிறது. கங்கைக்குப் போய் நீராடி, உலகத்தை விட்டு, கடைசியில் ஒற்றியூருக்கு வந்தார். இங்கே குகையில் இருந்த நிரஞ்சன குருவிடம் விரதம் ஏற்றார். சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு மடத்தின் தலைவரானார்.

இவ்வளவையும் சொல்வது ஒற்றியூரின் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று. அது பொறிக்கப்பட்ட காலம்தான் என்னை உலுக்கியது: மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டு, அதாவது 959ஐ ஒட்டி. நண்பனைக் கொன்ற படையின் அரசன் பெயரைத் தலையில் போட்டுத்தான் தன் துக்கத்தின் கதையை அவர் எழுதிவைக்க வேண்டியிருந்தது. கூடவே ஒரு கணக்கும் இருக்கிறது. தன் பிறந்த நட்சத்திரமான அவிட்டத்தன்று சிறப்பு வழிபாடு நடக்க, நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் 100 நிஷ்கம் பொன் கொடுத்தார்.

இந்த மடத்தை ஆய்வாளர்கள் காளாமுகர், மாவிரதியர், சோம சித்தாந்தம் என்ற பெயர்களோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இந்தப் பெயர்களைக் கேட்டாலே நமக்கு மயிர்க்கூச்செறியும். மண்டையோட்டில் உண்பது, பிணச்சாம்பல் பூசுவது, மதுக்குடத்தில் தெய்வத்தை வைத்து வணங்குவது என்று இராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் காளாமுகரைப் பற்றிப் பட்டியல் போடுகிறார். அதற்கும் முன்னால், 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மப் பல்லவன் ‘மத்தவிலாசப் பிரகசன’த்தில் காஞ்சி வீதியில் கபாலத்தைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஒரு காபாலிகனைக் காட்டிச் சிரிக்கவைத்தான். நம் காலத்தில் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் காளாமுகர் என்றால் இருட்டும் சதியும்தான்.

காபாலிகரையும் காளாமுகரையும் எதிராளிகள் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கலாம் என்று டேவிட் லோரன்சன் 1972இல் வெளியான தன் நூலில் வாதிட்டார். கல்வெட்டுகள் காட்டும் காளாமுகர்கள் வேறு மாதிரியானவர்கள்: படித்தவர்கள், மடம் நடத்தியவர்கள், நிலம் பெற்றவர்கள். கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி மல்லிகார்ஜுனர் என்ற துறவிக்கு மடமும், ஐம்பது காளாமுகத் துறவிகளுக்கு உணவிட 11 ஊர்களும் கொடுத்தான். ஒற்றியூரில் முதலாம் இராஜேந்திரன் காலத்தில் இன்னொரு சதுரானன பண்டிதர் இருந்தார். கருவறை விமானம் கருங்கல்லில், தூங்கானை வடிவில் எழுந்தது அப்போதுதான். கட்டியவர் இரவி என்கிற வீரசோழத் தச்சன். நாம் இன்றும் வலம்வருவது அந்தச் சுவரைத்தான்.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜாதிராஜன் காலத்துக் காட்சி இன்னும் அழகு. சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்துகொடுத்ததாகச் சொல்லப்படும் மகிழ மரத்தடி. பங்குனி உத்திரத் திருவிழா. அங்கே ஆளுடைய நம்பியின் புராணம் வாசிக்கப்படுகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அரசன், மடத்துச் சதுரானன பண்டிதர், சோம சித்தாந்தம் விரித்துரைக்கும் வாகீச பண்டிதர். ரகசியக் கூட்டம் என்று நாம் நினைத்தவர்கள் திருவிழாக் கூட்டத்தின் நடுவில், ராஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுந்தரர் கதை கேட்கிறார்கள்!

பிறகு என்ன ஆயிற்று? கன்னட நாட்டில் வீரசைவம் எழுந்து காளாமுகரின் இடத்தை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் சைவ சித்தாந்த மடங்கள் வளர்ந்தன. யாரும் சட்டம் போட்டு இவர்களை மறைக்கவில்லை. நிலமும் பொன்னும் வேறு கைகளுக்குப் போக, மாணவர் வரிசை அறுந்தது. எஞ்சியது எதிராளியின் பட்டியலும் நாடகக்காரனின் கேலியும். ஒரு கூட்டம் தன் கணக்கைத் தானே சொல்ல முடியாமல் போகும்போது, ஊர் அதைப் பூதமாக்கிவிடுகிறது.

வடசென்னைக்காரனுக்கு இது புதிதில்லை. எண்ணூர் புகைபோக்கி, கண்டெய்னர் லாரி, சினிமாவில் அரிவாள். எங்களைப் பற்றியும் அடுத்தவர்கள் போட்ட பட்டியல்தான் நீளமாக இருக்கிறது. ஆயிரம் வருடக் கணக்கு சுவரிலேயே இருக்கிறது, படிக்கத்தான் ஆள் குறைவு.

போன முறை போனபோது ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

“இன்னாண்ணா எழுதிக்கீது?”

“சண்டையில தோஸ்து செத்துட்டான், தான் மட்டும் பொழச்சிக்கிட்டோமேன்னு இந்த ஊருக்கு வந்த ஒருத்தரோட கத.”

“மந்திரம் இல்லியா?”

இல்லை என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சுவரில் மெதுவாகக் கை வைத்தான்.